ஒரே யுஎஸ்பி போர்ட், இரண்டு வேலைகள்: பை ஜீரோ 2 டபிள்யூ பயன்பாட்டு அனுபவம்

மேலூரில் எம்பிராய்டரி கடை நடத்தும் நண்பர், ராஸ்பெரி பை ஜீரோ 2 டபிள்யூ என்ற சிறு கணினிப் பலகையை (போர்டை) வாங்கலாமா என்று கேட்டார். மதுரையில் எங்கள் தையற்கடையில் அது நெடுநாளாக உழைத்து வருவதால், பதிலை எல்லோருக்கும் பயன்படும்படி எழுதுகிறேன்.

எங்கள் எம்பிராய்டரி இயந்திரம் பென் டிரைவிலிருந்து மட்டுமே டிசைன்களைப் படிக்கும். யுஎஸ்பி போர்ட்டை இயக்கும் டிடபிள்யூசி2 ஓவர்லே என்ற அமைப்பைச் சேர்த்து, போர்டை பெரிஃபெரல் நிலையில் (வேறொரு கருவியில் செருகப்படும் சாதனமாக) வைத்து, அதைப் பென் டிரைவ் போல நடிக்கச் செய்யும் ஜி_மாஸ்_ஸ்டோரேஜ் மாட்யூல் என்ற மென்பொருளை ஏற்றினால், இயந்திரம் அதைப் பென் டிரைவாகவே ஏற்றுக்கொள்கிறது. மின்சாரமும் அதே கேபிளில் வந்துவிடுகிறது. புதிய கோப்பை வைஃபையில் அனுப்பினால் மட்டும் போதாது. இயந்திரம் பழைய பட்டியலையே நினைவில் வைத்திருக்கும் என்பதால், மாட்யூலை இறக்கி, கோப்பை எழுதி, மறுபடி ஏற்றும் ஒரு ஸ்கிரிப்ட் வேண்டும். இரு பக்கமும் ஒரே நேரத்தில் எழுதினால் கோப்பமைப்பு சிதைந்துவிடும். ஆகவே இயந்திரத்துக்குப் படிக்கும் உரிமை மட்டும் கொடுத்திருக்கிறேன். இந்த ஏற்பாடு எனக்குத் தந்த மகிழ்ச்சி கொஞ்சமல்ல.

வாடிக்கையாளர் தம் டிசைனைப் பென் டிரைவில் கொண்டுவரும்போதுதான் எரிச்சல் தொடங்குகிறது. தரவுக்கு இருப்பது ஒரே மைக்ரோ யுஎஸ்பி போர்ட். இப்போது அதுவே ஹோஸ்ட் (மற்ற சாதனங்களைத் தன்னில் செருக விடும் பக்கம்) ஆக வேண்டும், மின்சாரத்தைப் பக்கத்துப் போர்ட்டில் கொடுக்க வேண்டும். போர்ட்டின் நிலையைத் தீர்மானிக்கும் டிஆர்_மோட் அமைப்பின் மதிப்பை ஓடிஜி (இரு நிலைக்கும் மாறக்கூடியது) என வைத்தால், பிளக்கின் நான்காம் பின்னான ஐடி, கிரவுண்டு பின்னுடன் கேபிளுக்குள் இணைந்திருந்தால் ஹோஸ்டாகவும், இல்லையென்றால் பெரிஃபெரலாகவும் போர்டு தானே மாறும். ஆனால் டவுன் ஹால் ரோட்டில் ஒரு கடையில் வாங்கிய கேபிள்களில், உறையில் ஓடிஜி என்று அச்சிட்டிருந்தும், அந்த இணைப்பே இல்லை என்று மல்டிமீட்டர் காட்டியது. ஐந்து வோல்ட் நேராகச் செல்வதால் பென் டிரைவின் விளக்கு எரிகிறது. போர்டோ அதை அறிவதே இல்லை, பிழைச் செய்தியும் தருவதில்லை. பிறகு அமைப்புகளைக் கொண்ட கான்ஃபிக் கோப்பில் டிஆர்_மோட் மதிப்பை ஹோஸ்ட் என்று மாற்றி ரீபூட் செய்ய வேண்டும், வேலை முடிந்ததும் அதையே திருப்பிச் செய்ய வேண்டும், வாடிக்கையாளர் அதுவரை நின்றுகொண்டிருக்க வேண்டும். இல்லாத வசதியை அச்சிட்டு விற்பது ஏமாற்று வேலைதான்.

போர்டைக் குறை சொல்வது நியாயமாகாது. 65 மில்லிமீட்டர் நீளத்தில் இதற்கு மேல் எதிர்பார்க்க இயலாது. ஆயினும் நண்பருக்கு நான் சொன்னது: ஜீரோ வேண்டாம், அதே வகையில் பெரிய போர்டான பை 4 வாங்குங்கள். அதில் நான்கு ஹோஸ்ட் போர்ட்டுகளும் தனிக் கன்ட்ரோலரில் (கட்டுப்படுத்தும் சிப்பில்) இயங்குவதால், டைப்-சி போர்ட் பெரிஃபெரலாக இருக்கும்போதே வாடிக்கையாளரின் பென் டிரைவையும் செருகலாம். இயந்திரம் தரும் மின்சாரம் மட்டும் பை 4-க்குப் போதாது. அதைத் தனியாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.