மூன்று கிராமத்து பப்கள்: எங்கே பீர், எங்கே சாப்பாடு?

இங்கிலாந்துக்கு வரும் நண்பர்கள் பழைய கிராமத்து பப் ஒன்றுக்குக் கூட்டிப்போகச் சொன்னால் எனக்கு மூன்று பெயர்கள்தான் ஞாபகம் வரும். பெர்க்‌ஷயரில் ஆல்ட்வொர்த் கிராமத்து பெல் இன், பக்கிங்ஹம்ஷயரில் ஃபார்ட்டி கிரீனில் இருக்கும் ராயல் ஸ்டாண்டர்ட் ஆஃப் இங்கிலாந்து, வூஸ்டர்ஷயரில் பிரெட்ஃபோர்ட்டன் கிராமத்து ஃப்ளீஸ் இன். எதற்காகப் போகிறோம் என்று தெரியாமல் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

பீரைப் பொறுத்தவரை மூன்றிலும் கேட்க வேண்டியது கேஸ்க் ஏல், அதாவது பீப்பாயிலேயே பக்குவமாகும் ஒரு வகை பீர். பீப்பாய்க்குள் ஈஸ்ட் உயிரோடு இருந்து, அங்கேயே இரண்டாம் முறை நொதிக்கும். வெளியிலிருந்து வாயு ஏற்ற மாட்டார்கள். 11 முதல் 13 டிகிரி குளிர்ச்சியில் தருவார்கள். பல் கூசும் பீருக்குப் பழகிய நமக்கு முதல் மடக்கு சப்பென்று இருக்கும். பாதி கிளாஸுக்கு மேல்தான் மால்ட்டின் (முளைகட்டிய தானியம்) இனிப்பும் ஹாப்ஸ் பூவின் கசப்பும் தனித்தனியாக நாக்கில் படும். திறந்த பீப்பாய் சில நாட்களில் தீர்ந்தாக வேண்டும், இல்லையென்றால் புளித்துவிடும். அதனால் ஆள் நடமாட்டம் உள்ள பப்பில்தான் ஏல் நன்றாக இருக்கும். ஒரு பைன்ட் 568 மில்லி. அரை பைன்ட் கேட்டால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

சாப்பாட்டில்தான் பெரிய வித்தியாசம். குடும்பத்தோடு, பசியோடு போகிறீர்களா? யோசிக்காமல் ராயல் ஸ்டாண்டர்டுக்குப் போங்கள். தாழ்ந்த உத்தரங்களுக்குக் கீழே உட்கார்ந்து, மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட ‘பை’ (pie), இறைச்சி என்று முழுச் சாப்பாடு சாப்பிடலாம். 1663இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் இந்தப் பெயரை வைத்துக்கொள்ள அனுமதி தந்தார் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. நாட்டிலேயே பழமையானது என்ற பெருமையைப் பல பப்கள் கொண்டாடுகின்றன. அதனால் வயதை நம்பி இங்கே போகாதீர்கள், சாப்பாட்டை நம்பிப் போங்கள்.

ஃப்ளீஸ் வேறு ரகம். பதினைந்தாம் நூற்றாண்டுப் பண்ணை வீடு, 1848இல் பப் ஆனது. அதை நடத்திவந்த குடும்பத்தின் கடைசி வாரிசு லோலா டாப்ளின் அம்மையார் 1977இல் இறந்தபோது, பழைய கட்டிடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு அதை எழுதிவைத்துவிட்டுப் போனார். இங்கே உருளைக்கிழங்கு சிப்ஸ் விற்கக் கூடாது என்பது அவருடைய விருப்பம். 2004இல் கூரை தீப்பிடித்து எரிந்தும், பழையபடியே கட்டி மறுபடி திறந்துவிட்டார்கள். உள்ளே போனதும் கணப்படுப்பின் முன்னால் குனிந்து தரையைப் பாருங்கள். வெள்ளை வட்டங்கள் வரைந்திருக்கும். புகைபோக்கி வழியாகச் சூனியக்காரிகள் இறங்கி வராமல் தடுக்கத்தான் அந்த வட்டங்கள். வாசலில் கோலம் போட்டு வளர்ந்த எனக்கு அந்தத் தரையைப் பார்த்ததும் வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரைக்கும் இந்த வட்டாரம் அஸ்பாரகஸுக்குப் பேர்போனது. நம்மூர் தண்ணீர்விட்டானின் உறவுக்காரச் செடி அது. இந்த பப்பிலேயே அதை ஏலம் விடும் விழா நடக்கும். அந்த மாதங்களில் போக முடிந்தால் ஃப்ளீஸ்தான். மற்ற மாதங்களில் இவ்வளவு தூரம் போகச் சொல்ல எனக்கு மனசு வராது.

பெல் இன்னில் சாப்பாடு என்று பார்த்தால் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஹாம், சீஸ் என்று ஏதாவது வைத்த சூடான, மேலே மொறுமொறுவென்ற பன் கிடைக்கும், அவ்வளவுதான். ஆனாலும் மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான். 250 வருஷத்துக்கும் மேலாக ஒரே குடும்பம் நடத்துகிறது. பிரிட்டனின் பீர் ஆர்வலர் அமைப்பான கேம்ரா 1990இலும் 2019இலும் நாட்டின் சிறந்த பப் என்று இதைத் தேர்ந்தெடுத்தது. நீளமான கவுன்டர் கிடையாது. கண்ணாடி போட்ட சின்ன ஜன்னல் ஒன்று இருக்கிறது. நம்மூர் ரயில்வே டிக்கெட் கவுன்டரில் குனிந்து கேட்பதுபோல அதன் வழியாகக் கேட்டு வாங்க வேண்டும். சுவரில் ஒற்றை முள் கடிகாரம். நிமிஷ முள் இல்லாததால் மணி ஏறக்குறையத்தான் தெரியும். எனக்கு அது போதுமாக இருந்தது.

சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்து பன்னைப் பிய்த்தால் ஆவி பறக்கும், வெண்ணெய் விரலில் வழியும். அதோடு ஆர்க்கெல்ஸ் 3பி என்ற ஏல் ஒரு மடக்கு. மசாலா தூக்கலான சாப்பாட்டோடு குடித்தால் இந்த ஏலின் ருசி அடிபட்டுப்போகும். பன் அதற்கு வழிவிடுகிறது. அதனால்தான் சாப்பாட்டில் தோற்கும் பப், பீரில் ஜெயிக்கிறது என்கிறேன்.

திங்கட்கிழமை பெல்லுக்குப் போகாதீர்கள், மூடியிருக்கும். கார் வேண்டாம், ஓட்டுபவர் குடிக்க முடியாது. லண்டன் பக்கத்திலிருந்து ரயிலில் கோரிங் அண்டு ஸ்ட்ரீட்லி ஸ்டேஷனில் இறங்கி, சுமார் 5 கிலோமீட்டர் மேட்டில் நடந்தால் ஊர் வந்துவிடும். முதலில் ஊர்த் தேவாலயத்துக்குள் போய், அந்தக் காலத்தில் இங்கே வாழ்ந்த டெ லா பீச் குடும்பத்தாரின் ஒன்பது கல் உருவங்களைப் பார்த்துவிடுங்கள். நடந்த களைப்போடு அந்தச் சின்ன ஜன்னலுக்கு வந்து, அரை பைன்ட்டும் ஒரு சீஸ் பன்னும் கேளுங்கள்.