ஏசி தண்ணீர் வெளியேற எது நல்லது: நெளி ஹோஸா, பிவிசி பைப்பா, சுவருக்குள் பதிப்பதா?

பாளையங்கோட்டையில் அக்கா வீட்டில் சித்திரையில் ஏசி மாட்டினார்கள். அக்னி நட்சத்திரம் முடியும்வரை ஒரு குறையும் இல்லை. ஐப்பசியில், மழைக்கு முந்தின புழுக்கம் ஏறிய ஓர் இரவு, இன்டோர் யூனிட்டிலிருந்து தண்ணீர் சுவரோடு வழிந்து மெத்தையை நனைத்துவிட்டது. வந்து பார்த்தவர் காஸ் குறைந்திருக்கும் என்றார். ஏணி போட்டுப் பார்த்தால், சன்ஷேடுக்கு மேல் ஹோஸ் தொட்டில்போலத் தொய்ந்து கிடக்கிறது. தொய்வுக்குள் தண்ணீரும் பாசியும்.

ஒன்றரை டன் ஏசி புழுக்கமான இரவில் மணிக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் தண்ணீர் விடும். விடிவதற்குள் ஒரு வாளி ஆகிவிடும். காற்றில் ஈரம் குறைந்த நாளில் அவ்வளவு வராது. அதனால்தான் சித்திரையில் மறைந்திருந்த கோளாறு ஐப்பசியில் வெளியே வந்தது.

ஏசியோடு மாட்டிவிடும் நெளி ஹோஸ் மலிவு, எந்த வளைவுக்கும் இணங்கும். அதன் நல்ல குணம் அவ்வளவுதான். உள்ளே இருக்கும் வரிகளில் தூசி தங்கி வழுவழுப்பாகப் படியும். கிளாம்ப் இல்லாத இடத்தில் தொய்யும். நம்மூர் வெயிலில் சீக்கிரமே மொறுமொறுத்து உடையும். யூனிட்டின் வாயிலிருந்து சுவரைத் தாண்டும்வரை ஓரிரு அடிக்கு மட்டும் அது போதும்.

அதற்குப் பிறகு பிவிசி பைப்தான் என் தேர்வு. எலக்ட்ரீஷியன் கையில் மிச்சமிருக்கும் வயரிங் பைப்பைச் சிலர் போட்டுவிடுகிறார்கள், வேண்டாம். அது வயருக்கானது, இணைப்பில் கசியும். பிளம்பிங் பைப்பை வாங்கி, சொல்யூஷன் தடவி ஒட்டுங்கள். ஓர் ஏசிக்கு முக்கால் இன்ச் போதும். இரண்டு ஏசியை ஒன்றாகச் சேர்த்தால் ஒரு இன்ச்சுக்குக் குறையாமல் போடுங்கள். இரண்டு லிட்டர் தண்ணீருக்கு அரை இன்ச்சே தாராளம். கூடுதல் அகலம் பாசிக்கு இடம்விட.

அகலத்தைவிட முக்கியம் வாட்டம், அதாவது தண்ணீர் தானே ஓடும் சரிவு. அடிக்கு ஒரு நூல் (இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு) கட்டாயம், இரண்டு நூல் இருந்தால் நிம்மதி. இரண்டு நூல் என்றால் பன்னிரண்டு அடி ஓட்டத்துக்கு மூன்று இன்ச் இறக்கம். கண்மட்டத்தை நம்பாமல் ரசமட்டம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சுவருக்குள் பதிப்பது பார்வைக்கு அழகு. வீடு கட்டும்போதே காடி வெட்டிப் பதித்தால் மட்டுமே அதற்குச் சம்மதிப்பேன். ஒரு இன்ச் பைப், கூடுமானவரை எல்போ இல்லாமல். பூச்சுக்கு முன்னால், “அண்ணாச்சி, ஒரு செம்புத் தண்ணி ஊத்திக் காட்டுங்க” என்று கொத்தனாரிடம் கேட்டு, மறுமுனையில் முழுதும் வருகிறதா என்று பாருங்கள். உள்ளே ஓடுவது குளிர்ந்த நீர். கார்த்திகை ஈரத்தில் பைப் வியர்த்துச் சுவரில் கறை விழும். அதனால் ரப்பர் நுரை உறை சுற்றியே பதிக்க வேண்டும். கட்டி முடித்த வீட்டில் இதற்காகச் சுவரைக் கொத்தாதீர்கள்.

வாட்டத்துக்கு வழியே இல்லாத அறைக்குச் சின்ன மோட்டார் பம்ப் உண்டு. மோட்டார் நின்றால் ஏசியையும் நிறுத்தும் மிதவை சுவிட்ச் இல்லாததை வாங்காதீர்கள்.

கடைசி முனை எங்கே போகிறது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கழிவறைக் குழாயில் நேரடியாக இணைத்தால் நாற்றம் படுக்கையறைக்கு வரும். நாற்றத்தை மறிக்கத் தண்ணீர் தேங்கி நிற்கும் நீர்த்தடுப்பு வளைவு வைத்தாலும், ஏசி ஓடாத மாதங்களில் அந்தத் தண்ணீர் வற்றிவிடும். வாளியில் விட்டால் முனை தண்ணீருக்குள் மூழ்கக் கூடாது. அக்கா வீட்டில் இப்போது வாழைக்குப் போகிறது. முனையில் குளவி கூடு கட்டாமலிருக்கக் கொசுவலைத் துண்டு கட்டியிருக்கிறோம், மாதம் ஒருமுறை அவிழ்த்துக் கழுவுகிறாள்.