குழந்தைக்கு ஊசி ஒத்துக்கலையா? இந்தப் படிவத்தைக் கேட்டு வாங்குங்க

மருந்து ஒத்துக்காம போனா அதை நாமளே அரசாங்கத்துக்கு எழுதிப் போடலாம்னு கும்பகோணம் பக்கம் பல பேருக்குத் தெரியாது. அதுக்குத் தமிழ்லயே படிவம் இருக்கு, காசு கிடையாது. அக்கா பையனுக்காக நான் நிரப்பினேன். ரொம்ப நல்ல ஏற்பாடு.

பையனுக்கு வயசு ஆறு. வாந்தி நிக்கலைன்னு ஒரு நர்சிங் ஹோம்ல சேர்த்தோம். ஊசி போட்ட ராத்திரி கழுத்து ஒரு பக்கமா திருகிக்கிச்சு, கண்ணு மேல சொருகுது, நாக்கு வெளிய தள்ளுது. வலிப்புன்னு சொல்லி தஞ்சாவூருக்கு அனுப்பிட்டாங்க. அங்க டியூட்டி டாக்டரம்மா அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. அந்த நிலைமையிலயும் ‘ம்’னான். நினைவு தப்பலையேன்னு சொல்லிட்டு, முதல்ல என்ன ஊசி போட்டாங்கன்னு சீட்டை வாங்கிப் பார்த்தாங்க. மெட்டோகுளோப்ரமைடு. வாந்திக்குப் போடுறதுதான், ஆனா சில குழந்தைங்களுக்கு இப்படி இழுத்துக்கும். ஐரோப்பாவுல 2013லயே ஒரு வயசுக்குள்ள இதைத் தரக்கூடாதுன்னு நிறுத்திட்டாங்கன்னு சொன்னாங்க. மாத்து ஊசி போட்டதும் கொஞ்ச நேரத்துல கழுத்து தளர்ந்துச்சு.

மறுநாள் மருந்தியல் பிரிவுல இருந்து ஒரு பொண்ணு வார்டுக்கு வந்து விவரம் எழுதிக்கிச்சு. "தெரிஞ்ச பக்கவிளைவுதானேம்மா, எதுக்கு எழுதணும்?"னு கேட்டேன். "தெரிஞ்சது, தெரியாதது, சந்தேகம் எல்லாமே எழுதலாம் சார். நிரூபிக்கிறது உங்க வேலை இல்ல"ன்னு சொல்லி, பொதுமக்கள் படிவத்தை என்கிட்ட கொடுத்துச்சு. அந்தப் பொண்ணு எழுதினதும் நான் எழுதினதும் ஒரே கேஸுன்னு குறிப்பு போட்டுச் சேர்த்துக்கிட்டாங்க.

படிவத்துல குழந்தையோட முழுப் பேர் வேண்டாம், இனிஷியல் போதும். மருந்து யார் சொல்லிச் சாப்பிட்டீங்கன்னு ஒரு கேள்வி: டாக்டரா, மருந்துக்கடைக்காரரா, சொந்தக்காரங்களா, நீங்களேவா? நம்ம ஊர் நிலவரம் தெரிஞ்சவங்க கேட்ட கேள்வி அது. ஒரு இடத்துல மட்டும் யோசிக்க வேண்டியதாப் போச்சு. பாதிப்பு எவ்வளவுங்கிற கட்டத்துல ‘மருத்துவமனையில் அனுமதி’ இருக்கு; இவன் ஏற்கெனவே அட்மிஷன்ல இருந்தவன். டாக்டர்கள் படிவத்துல ‘தங்கல் நீண்டது’ன்னும் குறிக்கலாம். நம்ம படிவத்துல ‘மற்றவை’யை டிக் பண்ணிட்டு, நடந்ததை விவரமா எழுதிடணும்.

எனக்கு ஆறவே ஆறாத விஷயம் பேட்ச் நம்பர். உரக்கடை வச்சிருக்கேன்; பேட்ச் நம்பர் எழுதாத பில்லுல ஒரு டப்பா பூச்சிமருந்து விக்க முடியாது. பிள்ளை உடம்புல ஏறின ஊசிக்கு அந்த நம்பர் யார்கிட்டயும் இல்ல, குப்பி குப்பைக்குப் போயிடுச்சு. 2025ல மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவுல குழந்தைகள் செத்தப்ப, இருமல் சிரப்போட ஒரு குறிப்பிட்ட பேட்ச்சைச் சோதிச்சுத்தான் அதுல டைஎத்திலீன் கிளைக்கால்ங்கிற விஷம் கலந்திருந்ததைப் பிடிச்சாங்க. அதனால குப்பியைத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி போன்ல ஒரு போட்டோ எடுத்து வையுங்க. குழந்தையோட எடையையும் படிவத்துல எழுதிடுங்க, டோஸ் அதை வச்சுத்தான்.

எழுதினா என்ன ஆகுமுன்னு கேக்கலாம். மருந்துகளோட பக்கவிளைவைக் கண்காணிக்க 2010ல ஆரம்பிச்ச தேசியத் திட்டம் இது. காசியாபாத்துல இருக்குற இந்திய மருந்தியல் ஆணையம் எல்லாத்தையும் சேர்த்து ஆராயுது. ஸ்வீடன்ல உப்சாலாவுல இருக்குற, பல நாட்டுப் பக்கவிளைவு அறிக்கைகளைச் சேர்த்து வைக்கிற உலகத் தொகுப்புக்கும் போகுது. நம்ம வீடுகள்ல காய்ச்சலுக்கும் வயித்துவலிக்கும் கொடுக்குற மெஃபனாமிக் ஆசிட் சில பேருக்கு டிரெஸ் சிண்ட்ரோம்ங்கிற கடுமையான அலர்ஜியை உண்டாக்கலாம்னு 2023 நவம்பர்ல எச்சரிக்கை வந்ததே, அது இப்படி வந்த அறிக்கைகளைப் பார்த்துத்தான்.

பக்கவிளைவைப் போன்ல சொல்ல இலவச எண் 1800 180 3024, திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 9 மணியிலிருந்து மாலை 5:30 வரை. ராத்திரியிலயும் ஞாயித்துக்கிழமையிலயும் வார்டுல தவிக்கிறவங்களுக்கும் இது இருந்தா எவ்வளவோ உதவியா இருக்கும். படிவத்தை வார்டு நர்ஸ்கிட்ட கேளுங்க. இல்லைன்னா ஆணையத்தோட இணையதளத்துல தமிழ்ப் படிவத்தை எடுத்துக்கலாம்.