செப்பலின் தளபதியின் தடத்தில்: பழைய வரைபடங்களுடன் என் நீண்ட கால அனுபவம்

ஸ்காட்லாந்து தேசிய நூலகம், பிரிட்டன் அரசின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பழைய வரைபடங்களை ஸ்கேன் செய்து, இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்தி, இணையத்தில் இலவசமாகத் தருகிறது. பல வருடங்களாக நான் இதைப் பெரும்பாலும் ஒரே வேலைக்குத்தான் பயன்படுத்துகிறேன். முதல் உலகப்போரில் ஜெர்மன் கடற்படையின் செப்பலின் வான்கப்பல் தளபதியாக இருந்த ஹைன்ரிஷ் மாத்தி இங்கிலாந்தின் மேல் எந்த வழியாக வந்தார், எங்கே குண்டு போட்டார், எங்கே விழுந்தார் என்று தேடுவதற்கு.

மாத்தி 1883-இல் மன்ஹைமில் பிறந்தவர். டார்பிடோ படகுகளில் இருந்துவிட்டு வான்கப்பல் பிரிவுக்கு வந்தார். போரில் எல்9, எல்13, எல்31 என்று மூன்று கப்பல்களை நடத்தினார். கடற்படையின் தளபதிகளில் இவரைத்தான் மிகத் துணிச்சலானவர், திறமையானவர் என்று இரண்டு பக்கத்தாரும் சொன்னார்கள். அந்தப் புகழ் எவ்வளவு சரி என்பதை எனக்குக் காட்டியது இந்த வரைபடங்கள்தான். படித்தபோது வெறும் பெயர்களாக இருந்த ஊர்கள், படத்தில் வைத்துப் பார்த்ததும் தூரமாகவும் திசையாகவும் மாறின.

எனக்கு அதிகம் பயன்படுவது இரட்டைத் திரை. இடது பக்கம் பழைய படம், வலது பக்கம் இன்றைய படம். ஒன்றை நகர்த்தினால் மற்றதும் கூடவே நகரும். 1915 செப்டம்பர் 8 இரவை இதில் நிதானமாகப் பாருங்கள். எல்13 வாஷ் விரிகுடாப் பக்கம் கரையைக் கடந்து தெற்கே வருகிறது. கேம்பிரிட்ஜ் அருகிலேயே லண்டனின் வெளிச்சம் மாத்தியின் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. முதல் குண்டுகள் கோல்டர்ஸ் கிரீனில். அப்புறம் புளூம்ஸ்பரி, குவீன் ஸ்கொயர், தியோபால்ட்ஸ் ரோடு, ஃபாரிங்டன் ரோடு, பார்த்தலோமியு குளோஸ், செயின்ட் பால் தேவாலயத்துக்கு வடக்கே துணிக் கிடங்குகள், கடைசியில் லிவர்பூல் ஸ்ட்ரீட் ரயில் நிலையம். அந்த இரவில் 22 பேர் இறந்தார்கள். சேதம் 5 லட்சம் பவுண்டுக்கு மேல். பார்த்தலோமியு குளோஸில் விழுந்தது 300 கிலோ குண்டு. அதுவரை பிரிட்டன் மேல் அவ்வளவு பெரிய குண்டு விழுந்ததில்லை.

லண்டனுக்கு 1890-களின் மிகப் பெரிய அளவுப் படம் இருக்கிறது. வீடு வீடாக, சந்து சந்தாகத் தெரியும். இந்தத் தெருப் பெயர்களை அதில் கிழக்கு நோக்கி வரிசையாகத் தொட்டுக்கொண்டே போனால், கண்டபடி கொட்டிய குண்டுகள் அல்ல என்பது புரியும். நகரத்தின் பணப்பையை நோக்கிப் போன பாதை அது. ஆனால் வழியில் இருந்ததெல்லாம் குடியிருப்பு. எந்தச் சந்தில் எத்தனை வீடு நெருக்கிக்கொண்டு நின்றது என்று பார்த்தபிறகு, மாத்தியின் திறமையை மட்டும் தனியாகப் பாராட்ட எனக்கு மனம் வருவதில்லை. ஃபாரிங்டன் ரோடு 61-ஆம் எண் கட்டடம் அன்று அழிந்து 1917-இல் திரும்பக் கட்டப்பட்டது. அதைச் சொல்லும் பலகை சுவரில் இருக்கிறது. படத்தில் இடத்தைக் குறித்துக்கொண்டு நேரில் போனால் தேடி அலைய வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. லண்டன் படம் தாக்குதல் நடந்த காலத்துக்கு 20 வருடம் முந்தையது. 1905-இல் திறந்த கிங்ஸ்வே சாலையே அதில் இருக்காது. அது இடித்துத் தள்ளிய பழைய தெருக்கள்தான் இருக்கும். அதனால் ஓரிடத்தைக் குறிக்கும்முன் பிந்தைய பதிப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன். அப்புறம், போன் திரை இதற்குப் போதாது. பெரிய திரையில்தான் முழுப் பாதையும் ஒரே பார்வையில் பிடிபடும்.

இந்தப் படங்களை வைத்துக்கொண்டு நான் கற்றதில் முக்கியமானது 1916 செப்டம்பர் 23 இரவு. எல்31 இப்போது புதிய வகை: 198 மீட்டர் நீளம், ஆறு என்ஜின். மாத்தி டஞ்சனெஸ் முனையைக் கடந்து தெற்கிலிருந்து நுழைந்தார். தேடுவிளக்குகளின் கண் கூசும்படி ஒளிக்குண்டுகளைப் போட்டுக்கொண்டே நகரத்தைக் குறுக்காகக் கடந்தார். மையப் பகுதியைத் தாக்கியதாகத்தான் அவருடைய அறிக்கை. குண்டு விழுந்த தெருக்களைப் படத்தில் குறித்துப் பார்த்தால் கதை வேறு. ஸ்டிரெதம், பிரிக்ஸ்டன், கெனிங்டன் என்று வந்து நின்றுவிடுகின்றன. அடுத்தது வடகிழக்கே லெய்டன். நடுவே பல மைலுக்குப் புள்ளியே இல்லை. இருப்பதிலேயே நல்ல மாலுமிக்கே, காற்றும் பனிமூட்டமும் விளக்கொளியும் கலந்த உயரத்திலிருந்து கீழே எது என்பது உறுதியாகத் தெரியவில்லை. தளபதிகளின் அறிக்கையை மட்டும் நம்பி எழுதப்பட்ட வரலாற்றை நான் இதற்குப் பிறகு அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. அதே இரவில் எல்32, எல்33 இரண்டையும் ஜெர்மனி இழந்தது. எல்32 எரிந்து விழுந்ததை மாத்தியின் ஆட்கள் தங்கள் கப்பலிலிருந்தே பார்த்தார்கள்.

எட்டே நாளில் கடைசிப் பயணம். அக்டோபர் 1 அன்று லோவஸ்டாஃப்ட் பக்கம் கரை ஏறினார். கெல்வடன் ஹாட்ச் தேடுவிளக்குகள் பிடித்துக்கொண்டதும் வடக்கே விலகினார். ஹெர்ட்ஃபோர்டு அருகே என்ஜின்களை நிறுத்திக் காற்றோடு சத்தமில்லாமல் மிதந்து வந்தார். பிறகு செஷன்ட்டில் குண்டுகளைக் கொட்டினார். அவற்றில் பெரும்பகுதி போனது அங்கிருந்த கண்ணாடித் தோட்டக் கூடங்களின் மேல். பழைய படத்தில் செஷன்ட்டைச் சுற்றி அந்தக் கண்ணாடிக் கூடங்கள் நீளநீளமாக இருப்பதைப் பார்த்தால் காரணம் கேட்க வேண்டியதில்லை. எரிபொருள் பம்ப் பழுதாகி, ஒரு கையால் அதை அடித்துக்கொண்டே விமானம் ஓட்டி வந்த பிரிட்டிஷ் விமானி வுல்ஸ்டன் டெம்பஸ்ட் எல்31-ஐ எரிகுண்டுகளால் சுட்டார். பாட்டர்ஸ் பாரில் ஓக் மரத்தின் மேல் விழுந்தது. மாத்தியோடு சேர்த்து 19 பேர், ஒருவரும் பிழைக்கவில்லை. அங்கே இரட்டைத் திரையைத் திறந்தால் இடது பக்கம் வயல், வலது பக்கம் டெம்பஸ்ட் அவென்யூ.

புதிதாகத் தொடங்குபவர்கள் லண்டனில் இறங்காதீர்கள். தெருக்கள் அதிகம், குழப்பிவிடும். 1915 ஜூன் 6, ஹல் நகரத்தில் தொடங்குங்கள். லண்டனுக்குக் கிளம்பிய எல்9 எதிர்க்காற்றால் அங்கே திரும்பிய இரவு அது. ஹம்பர் ஆறு, துறைமுகக் குளங்கள், ஹோலி டிரினிட்டி தேவாலயம், பக்கத்திலேயே அழிந்துபோன எட்வின் டேவிஸ் துணிக்கடை என்று எல்லாம் ஒரே திரைக்குள் அடங்கிவிடும். அங்கே கை பழகிய பிறகு பாட்டர்ஸ் பார், கடைசியில் லண்டன்.