கொடைக்கானலுக்கு இன்னும் போகலாமா?

மதுரைக்காரர்களுக்குக் கோடை விடுமுறை என்றாலே கொடைக்கானல்தான். ஆனால் மே மாதச் சனி, ஞாயிறுகளில் இனி நான் போக மாட்டேன். வெள்ளி நீர்வீழ்ச்சி அருகிலேயே வண்டிகள் வரிசை கட்டி நின்றுவிடுகின்றன. 1863-இல் உருவாக்கிய ஏரியைச் சுற்றி நடந்தால் டீசல் புகைதான் மூக்கில் ஏறுகிறது. வழக்கமாகத் தங்கும் விடுதியில் வாடகை ஏறிவிட்டது. சுவரெல்லாம் பூஞ்சை, வெந்நீருக்கு நாலு தடவை கேட்க வேண்டும். 2024 மே முதல் வண்டிகளுக்கு இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) கட்டாயம். சீசனில் நெரிசல் குறைந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் விட்டுவிட மனசு வரவில்லை. இப்போதெல்லாம் வார நாளில், பிப்ரவரி வாக்கில் கிளம்பி, ஊருக்குள் நிற்காமல் நேரே பூம்பாறை என்ற மலைக்கிராமத்துக்குப் போய்விடுகிறோம். படிப்படியான வயல்கள், குழந்தை வேலப்பர் கோயில், வீட்டு வாசல்களில் கட்டுக்கட்டாக மலைப்பூண்டு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு அது. ரசத்தில் நாலு பல் தட்டிப் போட்டால் வீடே மணக்கும். அப்புறம் மன்னவனூர்ப் புல்வெளி. அந்தக் குளிர்காற்றுக்காகவே மறுபடியும் போவேன்.

சரி, கிளம்புகிறவர்கள் இ-பாஸை வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை உண்டு. எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோங்கள்.