மாத்திரை டப்பாவுக்குள்ள மடிச்சு வெச்சிருக்குற பேப்பர்: 5க்கு 3

மாத்திரைக்கு ரிவ்யூ போட வரல, அது டாக்டர் பாத்துக்குற விஷயம். நான் சொல்றது டப்பாவுக்குள்ள குட்டியா மடிச்சு திணிச்சிருப்பாங்களே, அந்த பேப்பர பத்தி. பதட்டத்துக்கு எனக்கு தினமும் எஸ்சிடாலோபிராம், அது வேலை செய்ய ஆரம்பிக்க சில வாரம் ஆகும்ங்கிறதால முதல்ல கொஞ்ச நாளைக்கு மட்டும் குளோனாசெபாம்னு எழுதிக் குடுத்தாங்க, வீட்டுக்கு வந்து பேப்பர பிரிச்சா பாதி டேபிள மூடிடுச்சு, எழுத்து எறும்பு சைஸ், போன்ல போட்டோ எடுத்து ஜூம் பண்ணித்தான் படிச்சேன். ஏற்கனவே படபடப்புல இருக்குறவன் கையில குடுக்குற பேப்பராய்யா இது!

தப்பா எதுவும் இல்ல, எல்லாமே இருக்கு. அதுதான் பிரச்சனையே. வாய் வறண்டு போறதும் மூச்சு அடங்கிப் போறதும் ஒரே மாதிரி எழுத்துல, ஒரே தொனியில. எதுக்கு பயப்படணும், எத கண்டுக்காம விடலாம்னு ஒண்ணும் புரியல.

கடைசில அந்த பேப்பரயே எடுத்துட்டு பார்மசிஸ்ட் மேடம்கிட்ட போனேன். அவங்க முதல்ல கேட்டதே "தலைவலி வந்தா என்ன சார் போடுவீங்க?"னுதான். இபுப்ரோஃபென்னு சொன்னேன். பேனா எடுத்து ஒரு வரிய வட்டம் போட்டாங்க, நாலாவது பத்தியில ஒளிஞ்சிருந்த வரி, நான் படிச்சுட்டு தாண்டிப் போன வரி. ரத்தம் உறைய தட்டணுக்களுக்கு செரோடோனின்ங்கிற ரசாயனம் வேணுமாம், எஸ்சிடாலோபிராம் தட்டணுக்குள்ள இருக்குற செரோடோனின மட்டும் குறைச்சிடும், மேல இபுப்ரோஃபெனும் சேந்தா வயித்துல ரத்தக்கசிவு வர்ற வாய்ப்பு கூடும், அதனால பாராசிட்டமால் போடுங்கன்னாங்க.

ரெண்டாவது வட்டம் குளோனாசெபாமுக்கு. அது மூளைய அமைதிப்படுத்துற காபா சிக்னல தூக்கி விடுற மருந்து, கூட மதுவோ கோடீன், மார்ஃபின் மாதிரி ஓபியாய்டு வலி மருந்தோ போனா ரெண்டும் ஒரே பக்கம் அமுக்கி மூச்சே குறைஞ்சு போகலாம். அமெரிக்காவுல மருந்துகள கண்காணிக்கிற எஃப்டிஏ இதுக்கு 2016லயே கட்டம் கட்டி எச்சரிக்கை போட வெச்சிருக்கு. சளிக்கு நாமளே வாங்கிப் போடுற குளோர்பெனிரமின் கூட தூக்கத்த இன்னும் ஏத்திடுமாம், அது எனக்கு சுத்தமா தெரியாது. ட்ரமடால்ங்கிற வலி மருந்து தனி கேஸ், அது ஓபியாய்டும் கூட, செரோடோனினையும் ஏத்தும், அதனால என்னோட ரெண்டு மாத்திரையோடயும் சண்டை போடும்.

மூணாவது வட்டம் செயின்ட் ஜான்ஸ் வோர்ட்னு ஒரு மூலிகை. மூலிகைதானேன்னு டாக்டர்கிட்ட சொல்லாமலே வாங்கி சாப்பிடுறவங்க இருக்காங்க, எஸ்சிடாலோபிராமோட சேந்தா செரோடோனின் எக்கச்சக்கமா ஏறி நடுக்கம், காய்ச்சல், குழப்பம்னு ஆஸ்பத்திரி வரைக்கும் போகலாம்.

பேப்பர்ல உருப்படியா இருந்தது ஒண்ணு, சொல்லாம கொள்ளாம மருந்த நிறுத்தாதீங்கன்னு தெளிவா போட்டிருந்தது. குளோனாசெபாம ரொம்ப நாள் எடுத்துட்டு திடீர்னு விட்டா வலிப்பே வரலாம், டாக்டர் சொல்ற கணக்குல கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். அதுக்காகத்தான் 3 மார்க்.

பத்து நிமிஷம் அந்த மேடம் பேசினதுக்கு 5க்கு 5. பேப்பர திரும்ப அதே மடிப்புல மடிக்கவே முடியல, டப்பாவும் மூட மாட்டேங்குது, ரப்பர் பேண்ட் போட்டு வெச்சிருக்கேன்.