ஆச்சி கையில் கொடுக்கலாமா? லினக்ஸ் டிவி பெட்டியுடன் ஃபயர் டிவி ரிமோட்

ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கம்ப்யூட்டரில் லிப்ரெஎலெக் என்ற லினக்ஸ் ரகத்தைப் போட்டு, படம் பார்க்க உதவும் கோடி செயலி வழியாக டிவி பார்ப்பவர்கள் தாராளமாக வாங்கக்கூடியது அமேசான் ஃபயர் டிவியின் குரல் ரிமோட். கைக்கு அடக்கமானது. நடு வளையம் இருட்டில் தடவினாலே தெரியும். பொத்தான்கள் கொஞ்சம்தான். இரண்டு ஏஏஏ செல் போட்டால் மாதக்கணக்கில் ஓடும். ஆனால் இது அமேசான் பெட்டிக்கென்றே செய்த ரிமோட். லினக்ஸோடு சேர்த்துவைக்க ஒரு சாயங்காலத்தை ஒதுக்கிவிட வேண்டும். அந்த வேலையைப் பாதியில் விட்ட வீடுகளில்தான் "ப்ளூடூத்தே சரியில்லை" என்ற பேச்சு வருகிறது.

நெல்லைப் பக்கத்தில் இதற்கு ஒரு கடுமையான சோதனை உண்டு. பேரன் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பான். லீவுக்கு வந்தபோது பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருப்பான். வீட்டில் ஆச்சியும் தாத்தாவும் மட்டும். மாதப் பராமரிப்புக்கென்று காலையில் கரண்டை நிறுத்தினால் மத்தியானத்துக்கு மேல்தான் வரும். வந்ததும் பெட்டி தானாக எழ வேண்டும். ஆச்சி பொத்தானை அழுத்தினால் கோடி அசைய வேண்டும். "கீபோர்டை எடுத்துச் சொருகுங்க" என்று போனில் சொல்லும் நிலை வரவே கூடாது. இந்த ரிமோட் அந்தச் சோதனையில் தேறும், கீழே உள்ளதை விடாமல் செய்தால்.

முதலில் இடம். பட்டாசலில் (கூடத்தில்) டிவி, பெட்டியோ சுவரலமாரிக்குள் என்றிருக்கும் வீடுகளுக்கு ப்ளூடூத் அருமை. இன்ஃப்ராரெட் ரிமோட்டுக்கு அலமாரிக் கதவைத் திறந்தே வைக்க வேண்டும். ப்ளூடூத்துக்கு மரக்கதவு ஒரு பொருட்டே இல்லை. இரும்புதான் எதிரி. ஸ்டீல் பீரோவுக்குப் பின்னாலோ, முழுக்க உலோகக் கூட்டுக்குள்ளோ ராஸ்பெர்ரி பையை அடைத்தால் உள்ளிருக்கும் ஆன்டெனா திணறும். பழைய வீடுகளின் ஒன்றரை அடிச் சுவரைத் தாண்டி, தார்சாவில் உட்கார்ந்து பட்டாசல் பெட்டியை இயக்கலாம் என்றும் நம்ப வேண்டாம்.

பை 3 முதற்கொண்டு ப்ளூடூத் போர்டிலேயே இருக்கிறது. பழைய மேசைக் கம்ப்யூட்டர் என்றால் யூஎஸ்பி டாங்கிள் தேவை, அது ப்ளூடூத் 4.0 அல்லது அதற்கு மேலாக இருக்க வேண்டும். இந்த ரிமோட் பேசுவது குறைந்த மின்சார ப்ளூடூத், அதாவது எல்இ, 2.1 காலத்து டாங்கிள் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. சிஎஸ்ஆர் 8510 என்று எழுதி விற்கும் மலிவு டாங்கிள்களில் போலி நிறைய. லினக்ஸில் அவை படுத்தும் பாடு பிரசித்தம். ரியல்டெக் சிப் உள்ளவை ஒழுங்காக ஓடும், ஆனால் அவற்றுக்கான ஃபர்ம்வேர் (சிப்பை இயக்கும் கோப்பு) சிஸ்டத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டாங்கிள் செருகியும் ப்ளூடூத் எழாது. சிஸ்டத்தின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையின் வெளியீட்டைப் பார்த்தால் எந்தக் கோப்பு கிடைக்கவில்லை என்று அதுவே சொல்லிவிடும்.

இனி இணைப்பு. ரிமோட் ஏற்கெனவே ஒரு ஃபயர் ஸ்டிக்கோடு (டிவியில் செருகும் அமேசான் கருவி) பழகியது என்றால் முதலில் அந்த ஸ்டிக்கின் பிளக்கைப் பிடுங்குங்கள். இல்லாவிட்டால் ரிமோட் பழைய உறவைத் தேடி அங்கேயே ஓடும். அடுத்து லிப்ரெஎலெக் அமைப்புகளில் சர்வீசஸ் பகுதிக்குப் போய் ப்ளூடூத்தை இயக்கி, ரிமோட்டின் ஹோம் பொத்தானை 10 விநாடி விடாமல் அழுத்துங்கள். ப்ளூடூத் பட்டியலில் புதிதாக ஒரு பெயர் வரும். சில ரகங்களில் முழுப் பெயர் வராமல் "ஏஆர்" என்ற இரண்டெழுத்து மட்டும் தெரியும். அதைக் கண்டு குழம்ப வேண்டாம். அதைத் தேர்ந்தெடுத்து இணைத்தால் பெரும்பாலும் வேலை முடிந்தது.

முடியாதபோது கமாண்ட் லைனுக்குப் போங்கள். உபுண்டு, டெபியன் போட்டவர்களுக்கும் இதுவே வழி. வேறு கம்ப்யூட்டரிலிருந்து கட்டளை கொடுக்க உதவும் எஸ்எஸ்ஹெச்சில் நுழைந்து ப்ளூடூத்சிடிஎல் என்ற கருவியைத் திறந்தால் நான்கு கட்டளை போதும்: ஸ்கேன் ஆன் (தேடு), பேர் (ஜோடி சேர்), டிரஸ்ட் (நம்பு), கனெக்ட் (இணை). ஸ்கேன் ஓடும்போது ரிமோட்டின் முகவரி வரும், இரண்டிரண்டு எழுத்தாக ஆறு தொகுதி. மற்ற மூன்று கட்டளைக்கும் பின்னால் அந்த முகவரியைச் சேர்க்க வேண்டும். இங்கே பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. முகவரி வந்ததும் ஸ்கேனை நிறுத்திவிட்டு, அதை நிதானமாகத் தாளில் எழுதி, பிறகு பேர் கொடுத்தால் "அப்படி ஒரு சாதனமே இல்லை" என்று பதில் வரும். இணைக்காத சாதனத்தை லினக்ஸின் ப்ளூடூத் அடுக்கான ப்ளூஸெட், வழக்கமான அமைப்பில் 30 விநாடிதான் நினைவில் வைத்திருக்கும். ஸ்கேனை ஓடவிட்டபடியே பேர் கொடுங்கள். முகவரியின் முதல் இரண்டு எழுத்தைத் தட்டி டேப் விசையை அழுத்தினால் மீதியை அதுவே நிரப்பிக்கொள்ளும்.

டிரஸ்ட் கட்டளையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பேர் முடிந்ததுமே பொத்தான்கள் ஓடுவதால் எல்லாம் ஆயிற்று என்ற எண்ணம் வந்துவிடுகிறது. டிரஸ்ட் என்பது, நாளைக்கு ரிமோட் தானாக வந்து கதவைத் தட்டும்போது கேள்வி கேட்காமல் உள்ளே விடு என்ற அனுமதி. அது இல்லாத ரிமோட் கரண்ட் போய் வந்த பிறகு வெளியிலேயே நிற்கும் வாய்ப்பு அதிகம். எல்லாம் முடிந்ததும் இன்ஃபோ கட்டளை கொடுத்துப் பாருங்கள். பேர்டு, பாண்டட், டிரஸ்டட், கனெக்டட் நான்குக்கும் நேராக "எஸ்" இருக்க வேண்டும். பாண்டட் மட்டும் "நோ" என்றால் ரகசியச் சாவி வட்டில் எழுதப்படவில்லை. ரீபூட் ஆனதும் உறவு அறுந்துவிடும். அப்போது ரிமூவ் கொடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பியுங்கள்.

ரிமூவ் கொடுத்தும் பிடிவாதம் பிடித்தால், பழைய சாவி ரிமோட்டுக்குள் தங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். மெமரி கார்டை மாற்றி லிப்ரெஎலெக்கைப் புதிதாகப் போட்டவர்களுக்கு இது அடிக்கடி நேரும். இடது அம்பு, மெனு, பேக் மூன்றையும் ஒருசேர 12 விநாடி அழுத்திவிட்டு, ஐந்து விநாடி கழித்துச் செல்லைக் கழற்றி மாட்டுங்கள். ரிமோட் புதுசு போல ஆகிவிடும். மறுபடி ஹோம் 10 விநாடி.

நான்கும் "எஸ்", ஆனால் எந்தப் பொத்தானும் வேலை செய்யவில்லையா? அப்படியானால் கோளாறு ப்ளூடூத்தில் இல்லை. எல்இ ரிமோட்டின் பொத்தான்களை லினக்ஸ் ஒரு கீபோர்டாகப் பார்க்க யூஹெச்ஐடி என்ற கெர்னல் மாட்யூல் (லினக்ஸின் மையப் பகுதியில் ஏற்றும் துண்டு) வேண்டும். மெலிந்த லினக்ஸ் ரகங்களில் அது ஏற்றப்படாமல் இருக்கலாம். மாட்ப்ரோப் கட்டளையால் ஏற்றிவிட்டு ரிமோட்டை ஒருமுறை துண்டித்து இணைத்தால் போதும். பொத்தான் அழுத்தங்களைக் காட்டும் ஈவிடெஸ்ட் கருவியின் பட்டியலில் ரிமோட் பெயர் வந்துவிட்டதா என்று பாருங்கள்.

அந்த ஈவிடெஸ்ட்டை மூடாதீர்கள், அடுத்த வேலைக்கும் அதுதான். ஒவ்வொரு பொத்தானாக அழுத்தி என்ன எண் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பேக் என்றால் 158, ஹோம் 172, மெனு 139, ப்ளே 164 என வருவதெல்லாம் கோடிக்குத் தெரிந்தவை. வம்பு வருவது நடு ஓகே பொத்தானில். பல ஆண்ட்ராய்டு டிவி ரிமோட்களின் நடுப் பொத்தான் 353 என்ற எண்ணை அனுப்பும். எக்ஸ்11 திரைச் சூழலில் 247-க்கு மேற்பட்ட எண்கள் செயலிகளுக்குப் போய்ச் சேராது. அம்பு நான்கும் ஓடும், ஓகே மட்டும் ஊமையாக இருக்கும். ரிமோட் பழுது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

தீர்வு, எந்தப் பொத்தான் என்ன விசை என்று லினக்ஸுக்குச் சொல்லும் ஹெச்டபிள்யூடிபி கோப்பு. உபுண்டுவில் இடிசி அடைவுக்குள் யூடெவ், அதற்குள் ஹெச்டபிள்யூடிபி.டி, லிப்ரெஎலெக்கில் ஸ்டோரேஜ் அடைவின் கான்ஃபிக் பகுதிக்குள். கோப்பில் இரண்டே வரி. முதல் வரி ரிமோட்டை அடையாளம் காட்டும்: ஈவிடெவ், இன்புட், பிறகு ப்ளூடூத்தைக் குறிக்கும் பி0005, அதையடுத்து வெண்டர் எண்ணும் ப்ராடக்ட் எண்ணும். இரண்டாவது வரி, சி0041 என்ற ஸ்கேன் குறியீட்டை என்டர் என்று மாற்றும். ஈவிடெஸ்ட்டில் ஓகேயை அழுத்தும்போது எம்எஸ்சி ஸ்கேன் என்ற வரியில் வருவதுதான் அந்தக் குறியீடு. உங்கள் ரிமோட்டில் வேறாக இருந்தால் அதையே போடுங்கள். இரண்டாவது வரியின் தொடக்கத்தில் ஓர் இடைவெளி கட்டாயம். அது இல்லாவிட்டால் கோப்பு படிக்கப்படும், பலன் இருக்காது. வெண்டர், ப்ராடக்ட் எண்களில் வரும் எழுத்துகள் ஆங்கிலப் பெரிய எழுத்திலும், ஸ்கேன் குறியீடும் என்டர் என்ற சொல்லும் சின்ன எழுத்திலும் இருக்க வேண்டும். சிஸ்டம்டி-ஹெச்டபிள்யூடிபி அப்டேட் கொடுத்து ரிமோட்டை மறுபடி இணைத்தால் ஓகே பேசத் தொடங்கும்.

மற்ற பொத்தான்களை மாற்றக் கோடியிலேயே கீமேப் எடிட்டர் என்ற ஆட்-ஆன் இருக்கிறது, அது போதும். ஓகேயை நீட்டி அழுத்தினால் சூழல் மெனு வரும் வசதி தயாராகவே உள்ளது. வயதானவர்களுக்கு அது தெரியாமல் வந்து நின்று குழப்பும் என்றால் அதே ஆட்-ஆனில் எடுத்துவிடலாம்.

இந்த ரிமோட்டின் குறை என்றால் ஒலிப் பொத்தான்கள்தான், ஏமாற்றம் பெரிது. வால்யூமும் டிவி பவரும் ப்ளூடூத்தில் போவதில்லை, இன்ஃப்ராரெட்டில் நேராக டிவிக்குப் போகின்றன. எந்த டிவி என்று ரிமோட்டுக்குச் சொல்லிக்கொடுப்பது ஃபயர் டிவி பெட்டியின் வேலை. வீட்டில் ஸ்டிக் இல்லாமல் ரிமோட்டை மட்டும் தனியாக வாங்கினால் அந்தப் பொத்தான்கள் சும்மா கிடக்கும். டிவி ரிமோட்டும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கோடியின் சொந்த வால்யூமை வேறு பொத்தானில் வைக்கலாம், ஆனால் ஆடியோ பாஸ்த்ரூ (ஒலியைத் தொடாமல் அப்படியே வெளியே அனுப்புவது) போட்டிருந்தால் அது அசையாது. மைக் பொத்தானை மறந்துவிடுங்கள், குரல் தேடல் கோடிக்கு வராது. நெட்ஃபிளிக்ஸ் போன்ற செயலிப் பொத்தான்களுக்கு ஈவிடெஸ்ட்டில் எண் வந்தால் வேறு வேலைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

வேறு ஆண்ட்ராய்டு டிவி ரிமோட் வைத்திருப்பவர்களுக்கு எதிர்மாறான தொல்லை வரலாம்: பவர் பொத்தான் ப்ளூடூத்தில் வந்து, உபுண்டு முழுதாக அணைந்துவிடும். பவர் பொத்தானைக் கவனிக்கும் லாகின்டியின் அமைப்புக் கோப்பில் ஹேண்டில் பவர் கீ என்பதை இக்னோர் ஆக்குங்கள். அணைந்த பையை எந்த ப்ளூடூத் ரிமோட்டாலும் எழுப்ப முடியாது. பிளக்கை அணைத்துப் போட வேண்டியதுதான். சும்மா இருக்கும் பை 4 எடுப்பது 3 வாட் அளவுதான், ஓடிக்கொண்டே இருக்கட்டும். மேசைக் கம்ப்யூட்டர் என்றால் பயாஸில், கரண்ட் வந்ததும் தானாக எழும் அமைப்பை இயக்கிவையுங்கள்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த ரிமோட் படம் ஓடும்போது மட்டும் திக்கினால் ஹார்டு டிஸ்க்கைச் சந்தேகப்படுங்கள். யூஎஸ்பி 3.0 கேபிளிலிருந்து கசியும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில் விழுகிறது, ப்ளூடூத் வாழ்வதும் அங்கேதான். டிஸ்க்கைப் பையை விட்டுத் தள்ளிவையுங்கள். டாங்கிள் என்றால் ஒரு யூஎஸ்பி 2.0 நீட்டிப்பு ஒயர் போட்டு அலமாரிக்கு வெளியே கொண்டுவாருங்கள். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் இன்னும் நல்லது. கொஞ்ச நேரம் தொடாமல் வைத்த ரிமோட்டின் முதல் அழுத்தம் வீணாவது கோளாறு இல்லை. தூங்கிய ரிமோட் எழுந்து இணைய ஓரிரு விநாடி எடுக்கும். ஆச்சியிடம் "ஒரு தடவை தட்டிட்டு, பொறவு அழுத்துங்க" என்று சொல்லிவைத்தால் தீர்ந்தது. டாங்கிளில் அந்தத் தாமதம் ரொம்ப நீண்டால், டாங்கிளை இயக்கும் பிடியூஎஸ்பி டிரைவரின் ஆட்டோசஸ்பெண்டை (தானாகத் தூங்கும் வசதி) கெர்னல் அளவுருவில் அணைத்துப் பாருங்கள்.

யாருக்கு இது வேண்டாம்? டிவியில் ஹெச்டிஎம்ஐ சிஇசி (ரிமோட் அழுத்தங்களை ஹெச்டிஎம்ஐ ஒயர் வழியே பெட்டிக்கு அனுப்பும் வசதி) ஒழுங்காக ஓடுகிறது, பெட்டியும் ராஸ்பெர்ரி பை என்றால், டிவி ரிமோட்டே கோடியை இயக்கும். முதலில் அதைச் சோதித்துப் பாருங்கள், காசு மிச்சம். வாங்குவதாக முடிவு செய்தால், நெல்லை வண்ணாரப்பேட்டையில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் "ஃபயர் டிவிக்கு ஒத்துவரும்" என்ற அட்டையை மட்டும் நம்ப வேண்டாம். வெறும் இன்ஃப்ராரெட் ரிமோட்களும் அந்தப் பெயரில் கிடைக்கின்றன. கடையிலேயே செல் போட்டு ஹோமை 10 விநாடி அழுத்தி, உங்கள் போனின் ப்ளூடூத் பட்டியலில் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் போதும், போனோடு இணைக்க வேண்டாம்.

செல்லில் எவ்வளவு மிச்சம் என்று இன்ஃபோ கட்டளையிலேயே சதவீதமாகக் காட்டும் ரகங்கள் உண்டு. பேரன் பெங்களூரிலிருந்தே எஸ்எஸ்ஹெச்சில் பார்த்து, மாற்றச் சொல்லி ஆச்சிக்குப் போன் போடலாம். வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போனால் செல்லைக் கழற்றிவையுங்கள், தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரல் காலத்தில் கட்டாயம். கசிந்த அல்கலைன் செல்லின் வெள்ளைப் பொடி கம்பிச் சுருளில் படிந்திருந்தால் எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சால் துடைத்து, ஈரப் பஞ்சால் ஒருமுறை ஒற்றி, நன்றாகக் காயவிட்டுப் புதுச் செல் போடுங்கள். செல்லைக் கழற்றுவதால் இணைப்பு அழியாது. மறுபடி பேர் பண்ணத் தேவையில்லை.